கொச்சியில் மருத்துவம் கற்ற வழிகள்

எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் ஒரு துறையில் நிபுணராக வேண்டுமானால், மூன்று ஆண்டுகள் ஓர் ஆஸ்பத்திரியோடு ஒன்றியிருந்து, நோயாளிகளைப் பார்த்தபடியே பயில வேண்டும். இந்தப் பயிற்சிக்கு ரெசிடென்சி என்று பெயர். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசும்போது இதைப் பி.ஜி. என்பார்கள். எந்தத் துறை என்ற கேள்விக்குச் சமமான கனம் எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்ற கேள்விக்கும் உண்டு. ஒரு மருத்துவரின் கைப்பழக்கமும் நோயைப் பார்க்கும் பார்வையும் அந்த மூன்று ஆண்டுகளில்தான் உருவாகின்றன.

கேரளத்தின் மிகப் பெரிய வணிக நகரமான கொச்சியில் 1990களின் இறுதிவரை மருத்துவக் கல்லூரியே இல்லை. ஆனால் மருத்துவம் கற்பதும் கற்பிப்பதும் அங்கே பல நூற்றாண்டுகளாக நடந்து வந்தன. முதலில் வைத்தியர் வீட்டில், பின்னர் துறைமுக ஆஸ்பத்திரியில், அதற்குப் பின் திருச்சபைகளும் தனியாரும் நடத்திய பெரிய ஆஸ்பத்திரிகளில் அது நடந்தது. கல்லூரி கடைசியில்தான் வந்தது. இந்த வரிசை முழுவதும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நகர்கிறது. கற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது? வந்தவருக்கு அந்த ஊர் எதைக் கற்றுக்கொடுத்தது?

துறைமுகமும் நோயும்

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் கடலுக்கு வாய் திறந்துவிட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 1503இல் போர்த்துகீசியர் இங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டைக்குக் கிழக்கே, காயலை ஒட்டிய மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னரின் அரண்மனையும் மிளகுச் சந்தையும் வளர்ந்தன. இன்று டச்சு அரண்மனை என்று அழைக்கப்படும் கட்டடம் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டி மன்னருக்கு அளித்தது. அதன் அருகே 1568இல் பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம் எழுந்தது. கோவாவிலிருந்து வந்த கொங்கணிகள், குஜராத்தி வணிகர், கச்சி மேமன்கள், தமிழ்ப் பிராமணர், தமிழ் வண்ணார் எனப் பல சமூகங்கள் சில தெருக்களுக்குள் நெருங்கி வாழ்ந்தன.

கப்பல் வந்த ஊருக்கு நோயும் வந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து நலிந்தவர்களுக்காகப் போர்த்துகீசியர் கொச்சியில் அரச மருத்துவமனை ஒன்றை நடத்தினார்கள். அங்கே 1569இல் மருத்துவராக அமர்த்தப்பட்டவர் கிறிஸ்தோவாவ் ட கோஸ்டா. மலபாரின் மருந்துச் செடிகளை நேரில் பார்த்துப் படம் வரைந்த அவர், ஊர் திரும்பியபின் 1578இல் ஸ்பெயினின் பர்கோஸ் நகரில் கீழை நாட்டு மருந்துகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். படித்த மருத்துவர் ஒருவர் கொச்சிக்கு வேலைக்கு வந்து, இங்கேதான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்பதற்கு அந்த நூல் சான்று.

ஊரின் சொந்த நோய்களும் ஐரோப்பியரின் கவனத்துக்கு வந்தன. 1580களில் கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், மலபாரில் கால் பருத்தவர்களைப் பற்றித் தம் பயண நூலில் எழுதினார். யானைக்கால் நோய்க்குக் ‘கொச்சிக் கால்’ என்றே ஆங்கிலத்தில் ஒரு பெயர் வழங்கியது. தேங்கிய நீரில் பெருகும் கொசுக்கள் வழியாக இந்த நோய் பரவுகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது. காயலும் கால்வாயும் சூழ்ந்த கொச்சியில் அத்தகைய நீருக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

வைத்தியர் வீடு

ஐரோப்பிய மருத்துவமனைக்கு வெளியே, ஊராரின் வைத்தியம் குடும்பங்களில் கற்கப்பட்டது. நம்பூதிரிகளில் அஷ்டவைத்தியக் குடும்பங்கள் அஷ்டாங்க இருதயம் என்ற ஆயுர்வேத நூலை அடிப்படையாக வைத்துச் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன. கொச்சி அரச குடும்பத்தில் விஷ வைத்தியம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. பாம்புக்கடி வைத்தியத்தில் இன்றும் மதிக்கப்படும் ‘பிரயோக சமுச்சயம்’ என்ற மலையாள நூல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கொச்சுண்ணித் தம்புரான் எழுதியது. ஈழவர்களிலும் சமஸ்கிருதம் கற்று வைத்தியம் பார்த்த வீடுகள் பல இருந்தன. சீடன் ஆசானின் வீட்டோடு இருந்தான். செடி பறித்தான், கஷாயம் காய்ச்சினான், ஆசான் நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்றான். அங்கே ஊரையோ ஆசானையோ தேர்ந்தெடுக்கும் பேச்சு பெரும்பாலும் எழவில்லை. எந்த வீட்டில் பிறந்தான் என்பதே எந்த வைத்தியத்தைக் கற்பான் என்பதைத் தீர்மானித்தது.

இந்த வீட்டு அறிவு உலகுக்குத் தெரியவந்தது ஒரு டச்சு அதிகாரியால். 1662இல் மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சுப் படை தாக்கியபோது அதில் இருந்தவர் ஹென்ரிக் வான் ரீட். 1663இல் கொச்சி டச்சுக்காரர் கைக்கு வந்தது. 1670 முதல் அவர் மலபாரில் டச்சுக் கம்பெனியின் தலைமை அதிகாரியானார். கம்பெனி ஐரோப்பாவிலிருந்து மருந்துகளை வரவழைத்தது. வந்து சேர்வதற்குள் அவை கெட்டுப்போகும், செலவும் மிகும். உள்ளூர்ச் செடிகளே போதும் என்று காட்ட வான் ரீட் முனைந்தார். அதன் விளைவு ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த இந்த நூலில் 742 செடிகளின் விவரம் இருக்கிறது. வான் ரீட் 1691இல் இறந்ததால் கடைசித் தொகுதிகள் அவர் மறைவுக்குப் பிறகே அச்சேறின.

நூலின் மருத்துவச் செய்திகள் நான்கு வைத்தியர்களிடமிருந்து வந்தன. சேர்த்தலைப் பகுதியில் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த கொல்லாட்டு வீட்டு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் ஒருவர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்கள் மற்ற மூவர். இட்டி அச்சுதன் சொல்லச் சொல்ல, கொச்சியில் துபாஷி வேலை பார்த்த இம்மானுவேல் கார்னேரோ மொழிபெயர்த்து எழுதினார். நால்வரும் 1675 ஏப்ரலில் கொடுத்த சான்றுகள் முதல் தொகுதியில் அவரவர் எழுத்திலேயே செதுக்கி அச்சிடப்பட்டன. இட்டி அச்சுதனின் சான்று கோலெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கிறது. முன்னோர் ஏடுகளிலிருந்தும் தம் அனுபவத்திலிருந்தும் பெற்ற அறிவைச் சொன்னதாக அவர் அதில் உறுதி கூறுகிறார். ஏடும் அனுபவமும் என்ற அந்த இரண்டும் இன்றைய ரெசிடென்சிக்கும் அடிப்படைதான்.

லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது இந்த நூலை அடிக்கடி எடுத்தாண்டார். லத்தீனில் இருந்ததால் கேரள மருத்துவர்களுக்கு இது முந்நூறு ஆண்டுகள் எட்டவில்லை. தாவரவியலாளர் கா. சு. மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்துச் செடிகளை மீண்டும் தேடிக் கண்டறிந்து, ஆங்கில மொழிபெயர்ப்பை 2003இலும் மலையாள மொழிபெயர்ப்பை 2008இலும் கேரளப் பல்கலைக்கழகம் வழியாக வெளியிட்டார். அதன் பிறகே இட்டி அச்சுதனின் சொல் அவருடைய ஊருக்குத் திரும்பியது.

அந்த நூலின் 11ஆம் தொகுதியில் ஆகாயத்தாமரையின் படமும் உள்ளது. இந்த நீர்ச்செடியின் வேரைப் பற்றிக்கொண்டுதான் மான்சோனியா கொசுவின் புழுக்கள் மூச்சு விடுகின்றன. சேர்த்தலையில் யானைக்கால் நோயைப் பரப்பியது அந்தக் கொசு. 1980களில் புதுச்சேரியின் நோய்க்கடத்தி ஆய்வு மையம் சேர்த்தலையில் நோய்த் தடுப்புப் பணியை மேற்கொண்டபோது, குளங்களிலிருந்து இந்தச் செடியை அகற்றி மீன் வளர்க்கும்படி மக்களை ஊக்குவித்தது. இட்டி அச்சுதனின் ஊரில் மருத்துவம் கற்பவருக்கு மருந்துச் செடி தெரிந்தால் மட்டும் போதாது, நோய் வளர்க்கும் செடியும் தெரிய வேண்டும் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

தர்ம ஆஸ்பத்திரிகள்

கொச்சிக்கு வடக்கே, வைப்பின் தீவின் வட முனையில் உள்ள பள்ளிப்புறத்தில் டச்சுக்காரர் 1728இல் தொழுநோயாளிகளுக்கு ஓர் இல்லம் கட்டினார்கள். இந்தியாவில் இந்த நோய்க்கென எழுந்த மிகப் பழைய நிறுவனங்களில் அது ஒன்று. அது நோயாளிகளை ஊரிலிருந்து விலக்கி வைக்கும் இடமாகவே இருந்தது. மருந்து பிறக்காத காலத்தில் அதற்கு மேல் செய்ய வழியும் இல்லை.

1795இல் கொச்சிக் கோட்டை பிரிட்டிஷார் வசமானது. அதன்பின் நிலம் இரண்டாகப் பிரிந்து ஆளப்பட்டது. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் ஆட்சியில், மலபார் மாவட்டத்தோடு மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. மட்டாஞ்சேரியும் காயலுக்கு அக்கரையில் உள்ள எர்ணாகுளமும் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தன. ஒரே தெருவில் நடந்து போகிறவர் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குப் போய்விடுவார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சமஸ்தானம் எர்ணாகுளத்தில் தொடங்கிய தர்ம ஆஸ்பத்திரிதான் இன்றைய ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு வேர். மட்டாஞ்சேரியின் மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரியும், கருவேலிப்படியில் மகாராஜா பெயர் தாங்கிய தாலுகா ஆஸ்பத்திரியும் மேற்குக் கொச்சியின் ஏழைக் குடும்பங்களுக்கு இன்றும் முதல் புகலிடம்.

இந்த ஆஸ்பத்திரிகள் மருத்துவர்களை வேலைக்கு வைத்தன. உருவாக்கும் வேலை சென்னையில் நடந்தது. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளி பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியானது. தென்னிந்தியா முழுமைக்கும் அதுவே தலைவாசல். 1845இல் எர்ணாகுளத்தில் ஆங்கிலப் பள்ளியாகத் தொடங்கி 1875இல் கல்லூரியான மகாராஜாஸ் கல்லூரியில் படித்துவிட்டு, மருத்துவம் படிக்க விரும்பியவர் மலையைக் கடந்து சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பின்னர் கல்லூரியாகி, கேரளப் பெண்களுக்கு இன்னொரு வழியைத் திறந்தது.

மூடிய வாசல்கள்

சென்னை தொலைவில் இருந்தது ஒரு தடை. சாதி அதைவிடப் பெரிய தடை. இட்டி அச்சுதன் சான்று எழுதி இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, அதே சமூகத்தைச் சேர்ந்த திருவனந்தபுரத்து இளைஞர் பத்மநாபன் பல்பு 1884இல் திருவிதாங்கூரில் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் வென்றார். வயது கடந்துவிட்டது என்று காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டது. உண்மைக் காரணம் சாதி என்பதில் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அவர் சென்னை சென்று மருத்துவம் படித்து எல்.எம்.எஸ். பெற்றார். திரும்பி வந்தபோது திருவிதாங்கூர் வேலையும் தரவில்லை. மைசூர் அரசு அவரை ஏற்றது. 1890களின் இறுதியில் பெங்களூரில் பிளேக் பரவியபோது அங்கே அவர் ஆற்றிய பணி புகழ்பெற்றது. ஒரு நாடு தன் மருத்துவரை வெளியே தள்ளியதால் இன்னொரு நாடு பயனடைந்தது.

கொச்சி சமஸ்தானத்திலும் நிலைமை வேறல்ல. 1913இல் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரான புலையர்கள் தங்கள் மாநாட்டை எர்ணாகுளத்தின் தரையில் நடத்த முடியாமல், காயலில் படகுகளை இணைத்துக் கட்டி அதன் மேல் கூடினார்கள். காயல் சம்மேளனம் என்று வரலாறு குறிக்கும் இந்தக் கூட்டத்துக்குச் சமூகச் சீர்திருத்தவாதி பண்டிட் கறுப்பன் துணை நின்றார். எர்ணாகுளத்துக்கு எதிரே உள்ள முளவுகாடு தீவில் அதே சமூகத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் 1930களில் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் படித்தார். ஆசிரியர் ஒருவர் சோதனைகளை அவருக்குக் காட்ட மறுத்ததால், தள்ளி நின்று பார்த்துக் கற்றார் என்பது பதிவாகியுள்ளது. பட்டம் பெற்று, பிற்காலத்தில் அரசியலமைப்புச் சபையில் உறுப்பினராக அமர்ந்தார். ஆய்வுக்கூடத்தின் அருகில் போகவே இத்தனை பாடு என்றால், அதைக் கடந்து மருத்துவம் பயில எத்தனை பேரால் முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மருத்துவக் கல்வியின் பிற்கால வடிவத்தை வகுத்ததில் கொச்சியோடு தொடர்புடைய ஒருவருக்குப் பங்குண்டு. 1914 முதல் 1919 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த ஜோசப் போர், 1943இல் அமைந்த சுகாதார ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, எல்.எம்.பி. போன்ற குறுகிய படிப்புகளை நிறுத்தி நாடு முழுவதும் ஒரே தரமான மருத்துவப் பட்டம் வேண்டும் என்றது. நோயாளியின் வீட்டையும் தெருவையும் அறிந்த மருத்துவரை உருவாக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. சுதந்திர இந்தியாவின் மருத்துவக் கல்லூரிகள் இந்த அறிக்கையின் வழியிலேயே அமைந்தன.

கல்லூரி இல்லாத பெருநகரம்

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தன. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கும், உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கும் போயின. முதல் மருத்துவக் கல்லூரி 1951இல் தலைநகரில் திறக்கப்பட்டது. 1957இல் கோழிக்கோடு, 1960களில் கோட்டயமும் ஆலப்புழையும், 1980களில் திருச்சூர் என்று கல்லூரிகள் வந்தன. சுற்றியுள்ள ஊர்களில் கல்லூரி இருந்தும், கொச்சியில் மட்டும் இல்லை.

அந்த இடத்தை ஆஸ்பத்திரிகள் நிரப்பின. சீரோ மலபார் திருச்சபையின் லிசி ஆஸ்பத்திரி 1956இலும், வராப்புழை உயர்மறைமாவட்டத்தின் லூர்து ஆஸ்பத்திரி 1965இலும் தொடங்கின. 1973இல் மெடிக்கல் டிரஸ்ட் வந்தது. கடற்படையின் சஞ்சீவனி ஆஸ்பத்திரி, துறைமுகத்துக்கென வில்லிங்டன் தீவில் ஓர் ஆஸ்பத்திரி என நகரம் ஆஸ்பத்திரிகளின் ஊராக வளர்ந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணம் இந்த வளர்ச்சிக்கு உரமானது. கேரளத்தின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 2003இல் மெடிக்கல் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜோஸ் சாக்கோ பெரியப்புறத்தின் தலைமையில் நடந்தது.

கல்லூரி இல்லாத ஆஸ்பத்திரியில் நிபுணர் பயிற்சி கொடுக்க நாட்டில் ஒரு வழி பிறந்தது 1975இல். தேசிய மருத்துவ அறிவியல் அகாதமியின் அங்கமாக அந்த ஆண்டு அமைந்த தேசியத் தேர்வு வாரியம், 1982இல் தன்னாட்சி நிறுவனமானது. அது அங்கீகரிக்கும் ஆஸ்பத்திரியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றிப் பயின்று, பொதுத் தேர்வில் தேறினால் டி.என்.பி. கிடைக்கும். எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்கு அது இணையானது என்று அரசு ஏற்றிருக்கிறது. லிசி, லூர்து, லேக்‌ஷோர், சஞ்சீவனி என்று கொச்சியின் பல ஆஸ்பத்திரிகள் இந்த வழியில் ரெசிடென்ட்களைச் சேர்த்தன. நோயாளிகளும் தேர்ந்த மருத்துவர்களும் ஏற்கெனவே இருந்த நகரத்துக்கு இது இயல்பாகப் பொருந்தியது.

கல்லூரிகள் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தன. இடப்பள்ளியில் அம்ரிதா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1998இல் திறக்கப்பட்டு, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியாகவும் ஆனது. 2015 ஜனவரியில் இந்தியாவின் முதல் இரு கை மாற்று அறுவை சிகிச்சை அங்கே டாக்டர் சுப்பிரமணிய ஐயரின் தலைமையில் நடந்தது. களமசேரியில் 1999இல் கூட்டுறவுத் துறையின் கீழ் ஒரு மருத்துவக் கல்லூரி தோன்றியது. பொதுமக்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு 2013இல் அதை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. கொச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது அப்போதுதான்.

இடம் பிடிக்கும் முறை

ரெசிடென்ட் என்ற ஏற்பாடு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் உருப்பெற்றது. வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் இளம் மருத்துவர்களை ஆஸ்பத்திரிக் கட்டடத்திலேயே தங்கவைத்து, படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1952 முதல், விண்ணப்பிப்பவர் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துவார், ஆஸ்பத்திரிகள் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும். இரு பட்டியல்களையும் பொருத்தி இடம் முடிவாகும்.

இந்தியாவில் ரேங்க்தான் முடிவு செய்கிறது. தொடக்கத்தில் மாநிலங்கள் பி.ஜி. இடங்களைத் தங்கள் மாணவர்களுக்கே வைத்துக்கொண்டன. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து, ஒரு பங்கு இடங்கள் நாடு முழுவதுக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது. பி.ஜி. இடங்களில் அந்தப் பங்கு 25 விழுக்காடாக நிலைபெற்று, 2005இல் 50 விழுக்காடாக உயர்ந்தது. பொது நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ரத்தாகி, 2016இல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு, 2017 சேர்க்கையிலிருந்து நிலைத்தது. 2021இல் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. பி.ஜி. இடங்களில் மாநிலத்தவர் என்ற அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே திருநெல்வேலியில் எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் கவுன்சலிங்கில் களமசேரியையோ, இடப்பள்ளியையோ, லிசி ஆஸ்பத்திரியின் டி.என்.பி. இடத்தையோ தேர்ந்தெடுக்கலாம். பல்புவின் காலத்தில் கனவிலும் நினைக்க முடியாத வசதி இது. எனினும் தேர்வு எல்லாருக்கும் சமமாக இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டோ ஈராண்டோ வேலையின்றிப் படிக்க முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் உள்ள இடைவெளியும் பெரிது. பிறப்பு நின்ற வாசலில் இன்று பணம் நிற்கிறது.

வேலைநேரமும் பாதுகாப்பும்

ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயிலும் முறையின் இன்னொரு முகம் ஓயாத ட்யூட்டி. 1992இல் மத்திய அரசு வகுத்த ரெசிடென்சி திட்டம், தொடர் பணி நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று கூறியது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகள், நியாயமான வேலைநேரமும் வாரம் ஒரு நாள் விடுப்பும் வேண்டும் என்கின்றன. விதி எழுதுவது எளிது, ஆள் பற்றாக்குறையுள்ள வார்டில் அதை நிறைவேற்றுவதே கடினம். அதே 2023 மே மாதம் கொல்லம் மாவட்டத்தின் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில், இரவுப் பணியிலிருந்த இளம் ஹவுஸ் சர்ஜன் ஒருவர், சிகிச்சைக்கு அழைத்துவரப்பட்டவரால் குத்திக் கொல்லப்பட்டார். கேரளமே அதிர்ந்தது. மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தை மாநில அரசு உடனே கடுமையாக்கியது. ஒரு பயிற்சி இடத்தை எடைபோடும்போது இரவு நேரக் காவலும் ஓய்வறையும் கேட்டறிய வேண்டியவை என்பதை அந்தச் சாவு எல்லாருக்கும் உணர்த்தியது.

ஊர் கற்பிப்பது

ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளும் வில்லிங்டன் தீவும் சுற்றுப் பகுதிகளும் இணைந்து 1967 நவம்பர் 1 அன்று கொச்சி மாநகராட்சி உருவானது. அரசு ஒன்றானாலும் சில பகுதிகளை நீர் பிரித்தே வைத்திருந்தது. ராபர்ட் பிரிஸ்டோ 1920களிலும் 30களிலும் துறைமுகத்தை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவை எழுப்பிய பிறகே பாலங்கள் வந்தன. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை வைப்பின் தீவினர் அவசர நோயாளியைப் பெரும்பாலும் படகில்தான் எர்ணாகுளம் கொண்டுவந்தார்கள். 2017இல் மெட்ரோ ரயிலும், 2023இல் வாட்டர் மெட்ரோவும் தொடங்கின. 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ மட்டாஞ்சேரியை எட்டியது. நோயாளி ஏன் தாமதமாக வந்தார் என்ற கேள்விக்குப் பல காலம் கொச்சியில் விடை காயலாகவே இருந்தது.

மொழியும் ஒரு பாடம். மட்டாஞ்சேரியிலிருந்து வரும் நோயாளிகளின் வீட்டு மொழி மலையாளமாகவோ கொங்கணியாகவோ குஜராத்தியாகவோ தமிழாகவோ இருக்கலாம். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் உள்ள டோபி கானா என்ற சலவைக்கூடத்தில் வேலை செய்யும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடை வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் என்று தங்கள் வரலாற்றைச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிகளின் துணிகளும் அங்கே வெளுக்கப்பட்டு வந்தன. தமிழ்நாட்டிலிருந்து வரும் ரெசிடென்டுக்கு மலையாளம் சில வாரங்களில் காதுக்குப் பழகிவிடும். ஆனால் வலியைச் சொல்லும் சொற்களை அவர் தனியே கற்க வேண்டும். வயிற்றுவலியின் தன்மையை நோயாளி தன் சொல்லில் சொல்லும்போது புரியாவிட்டால், நோய் பாதி மறைந்துபோகும்.

மழைக்காலம் இன்னொரு ஆசான். ஜூனில் பருவமழை தொடங்கியதும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வார்டுகளை நிரப்பும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவாமல் தடுக்க, தண்ணீரில் இறங்கியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை பெருமளவில் கொடுக்கப்பட்டது. 2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒருவருக்கு நிப்பா உறுதியானபோது, அவரோடு தொடர்பிலிருந்தவர்கள் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியின் தனி வார்டில் கண்காணிக்கப்பட்டார்கள். அந்த நோயாளி உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டு கொரோனா வந்தபோது அந்த அனுபவம் உடனே கைகொடுத்தது. நெடும்பாசேரி விமான நிலையம் வழியாக வந்த வெளிநாட்டு நோயாளிகளும் களமசேரியிலேயே சிகிச்சை பெற்றார்கள். ட கோஸ்டாவின் நாளில் கப்பலில் வந்த நோய், இன்று விமானத்தில் வருகிறது. துறைமுக நகரத்தில் பயில்பவர் அயல்நாட்டு நோயையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

2021 முதல் பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான ஆஸ்பத்திரியில் பணியாற்றுவது கட்டாயமாகியிருக்கிறது. வீட்டையும் தெருவையும் அறிந்த மருத்துவர் வேண்டும் என்று போர் குழு 1946இல் கேட்டதன் தொடர்ச்சி இது. பெரிய ஆஸ்பத்திரியின் நவீனக் கருவிகளுக்குப் பழகியவர், கருவி குறைந்த இடத்தில் நாடியையும் மூச்சையும் நம்பி முடிவெடுக்கக் கற்கிறார்.

கொச்சியின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. நல்ல மருத்துவப் பயிற்சிக்குக் கல்லூரிக் கட்டடம் முதல் தேவையாக இருந்ததில்லை. நோயாளிகள் நிறைய வர வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆசான் வேண்டும், கற்க வந்தவரை வாசலில் தடுக்காத முறை வேண்டும். முதல் இரண்டும் கொச்சிக்கு எப்போதும் இருந்தன. மூன்றாவதுதான் போராடிப் பெறப்பட்டது, இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கவுன்சலிங்கில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவர்கள் ஆஸ்பத்திரியின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், அங்கே எப்படிப்பட்ட நோயாளிகள் வருகிறார்கள், மூத்தவர்கள் வார்டில் எவ்வளவு நேரம் உடன் நிற்கிறார்கள், இரவில் யார் துணை என்று அங்கே படிப்பவர்களிடம் கேட்டறிய வேண்டும். அரசுகளும் ஆணையமும் செய்ய வேண்டியது இன்னும் பெரிது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பி.ஜி. இடங்களைப் பெருக்கி, பணம் இல்லாதவருக்கும் அந்தத் தேர்வு உண்மையான தேர்வாகும்படி செய்வது அவர்களின் கடமை.